வெள்ளைப் புள்ளிக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

— மூட்டு வலிக்கு மருந்து வாங்கலாம்னு பிஷ்கேக் வரைக்கும் கூட்டிட்டு வந்து, தலையைக் கொண்டுபோய் ஸ்கேன் குழாய்க்குள்ள விட்டுட்டான் டாக்டரம்மா, என் மகன்! இவனை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.

— அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. டாக்டர், நீங்க படத்தைப் பார்த்துச் சொல்லுங்க. வெள்ளை வெள்ளையாத் தெரியுதே, அது என்ன?

— பாருங்க எர்னிஸ், மூளைக்குள்ள சின்ன ரத்தக் குழாயெல்லாம் பழசாகறப்ப வர்ற புள்ளி அது. ஞாபகத்துக்கு உதவற இந்தப் பகுதியும் கொஞ்சம் சுருங்கியிருக்கு. அம்மாவுக்கு எழுபத்திரெண்டு வயசாச்சே, நிறைய பேருக்கு இப்படி இருக்கும்.

— கேட்டீங்களாம்மா? சுருங்கியிருக்காம்!

— ஏன், முகம் சுருங்கலையா? கை சுருங்கலையா? உள்ள இருக்கறது மட்டும் புதுப்பொண்ணு மாதிரி மினுமினுன்னு இருக்கணுமா?

— அப்ப மறதி நோய்தானே டாக்டர்? அதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. நிக்காஹ் ஓதறவர்கிட்ட காட்டணும்.

— நிக்காஹா? யாருக்கு?

— எனக்குத்தான் டாக்டரம்மா. வர்ற வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை பேரு அசன்குல். நாரின் மலைப்பக்கம் தேனீ வளர்க்கிறார்.

— சிரிக்காதீங்க டாக்டர். ஊர் சிரிக்கறது போதும்.

— சந்தோஷத்துல சிரிச்சேன். வாழ்த்துகள்மா. ஆனா எர்னிஸ், இல்லாத நோயை நான் எப்படி எழுதறது? ஞாபகப் பரிசோதனையில அம்மா நல்லாவே பதில் சொன்னாங்க. புள்ளி ஜாஸ்தியா இருந்தா ஞாபகம் கொஞ்சம் மந்தமாகலாம், இல்லேங்கல. ஆனா இதே மாதிரி படம் இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் எல்லாத்தையும் கடகடன்னு சொல்வார், இன்னொருத்தர் தடுமாறுவார். படத்தை மட்டும் வெச்சு ஆளை எடை போட முடியாது. அம்மா, ரத்தக்கொதிப்பு மாத்திரையை விட்டுடாதீங்க, தினமும் நடங்க.

— கேட்டுக்கடா! நடக்கணுமாம். வா, இப்பவே நடக்கலாம்.

— அம்மா, மெதுவா! ஆஸ்பத்திரி வாசப்படி பூரா ஐஸ். கையைப் பிடிச்சுக்கங்க.

— வேண்டாம், எனக்கு இறங்கத் தெரியும். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு எழுதி வாங்கத்தானே கூட்டிட்டு வந்த?

— சும்மா ஒண்ணும் சொல்லலை. போன வாரம் வீட்டுச் சாவியைப் போர்சோக் மாவுக்குள்ள போட்டுப் பிசைஞ்சீங்க. விட்டிருந்தா எண்ணெயிலயும் பொரிச்சிருப்பீங்க.

— பிசைஞ்சேன். பேத்தியை அவ அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பேர் நாக்குக்கு வர நேரமாகுது, ஒத்துக்கறேன். அதுக்காக என் மனசு எனக்குச் சொந்தமில்லாம போயிடுமா? நாப்பது வருஷத்துக்கு மேல தனியாப் படுத்து எந்திரிச்சேனே, அப்ப யாராவது என் தலையைப் படம் எடுத்தீங்களா?

— ஊர்ல நான் எப்படித் தலைகாட்டறதும்மா?

— கேட்டுக்க. உங்கப்பா பனிச்சரிவுல லாரியோட போனப்ப உனக்கு மூணு வயசு. கொழுந்தனைக் கட்டிக்கன்னு இதே ஊர் வாசல்ல வந்து நின்னுச்சு. மாட்டேன்னேன். இப்ப கட்டிக்காதேங்குது. கட்டிக்குவேங்கறேன். ஊரோட எனக்கு என்னிக்குடா ஒத்துப்போச்சு?

— தேன் வாங்கப் போன சந்தையில பிடிச்ச ஆளு. அவரை நம்பி மலைக்குப் போறீங்க.

— உனக்கு வீட்டு மேல கண்ணா? வீடு உன் பேர்லதானே இருக்கு!

— வீட்டை யாரும்மா கேட்டா!

— பின்ன என்னதாண்டா உனக்கு? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கற? எர்னிஸ்... டேய், அழறியா?

— அப்பா முகம் எனக்குப் போட்டோவுலதாம்மா தெரியும். அவர் எப்படிச் சிரிப்பார், என்னை எப்படித் தோள்ல தூக்கிட்டுப் போவார், எல்லாம் நீங்க சொன்னது. எனக்குன்னு ஒண்ணுகூட ஞாபகம் இல்லை. அப்பா உங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கார். அங்கயும் வெள்ளைப் புள்ளி விழுந்துடுச்சு, நீங்களும் இன்னொருத்தர் வீட்டுக்குப் போறீங்க... நான் அவரை எங்கேன்னு போய்த் தேடுவேன்?

— அட முட்டாப் பயலே! அசன்குல் பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவியே, யாரு என்னன்னு ஒரு தடவை கேட்டியா? ஒரே லாரியை உங்கப்பாவும் அவரும்தாண்டா மாத்தி மாத்தி ஓட்டினாங்க. எனக்கே தெரியாத உங்கப்பா அவர்கிட்ட இருக்கார்.