நான்காம் தொட்டி

ஐயா, என் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும். வரியும் கோணிக்கொண்டு போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நான் வாயால் சொன்னால் போதும், ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். ஆனால் நடுவில் யாராவது குறுக்கே பேசினால் எனக்கு வரிசை தப்பிவிடும். ஐம்பத்தொன்றாவது வயதில் படித்த எழுத்து. நிதானமாகத்தான் வரும்.

என் பெயர் பரசுராமன். ஒரகடத்திலிருந்து படப்பை போகிற சாலையில் இருக்கும் பல்கலைக்கழக மீன் ஆராய்ச்சிப் பண்ணையில் தொட்டி பார்க்கிற ஆள். அதற்கு முன்பு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பல கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருந்தேன். லோடு இறக்கினேன், லைனில் நின்றேன், கழிவு வாரினேன். நாற்பது தாண்டியதும் ஒவ்வொரு கேட்டிலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகப் போன இடத்தில் செக்யூரிட்டி என் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, வூட்ல பேரன் இருந்தா அனுப்பு" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்குச் சொல்லிவைத்ததை அவன் சொன்னான். அன்றைக்கு பஸ் ஏறாமல் நடந்தே வந்தபோதுதான் பண்ணையில் தொட்டி கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பேராசிரியர் சிவசங்கர் சார் என் வயதைக் கேட்கவில்லை. "தண்ணில நின்னா சளி புடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிடிக்காது என்றேன்.

பண்ணையில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். கம்பெனிகள் சுத்தம் செய்து வெளியே விடுகிற தண்ணீரில் மீன் வளர்க்கலாமா, வளர்த்தால் மனிதன் தின்னலாமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மூன்று வருடத்துக்கு டெல்லியிலிருந்து நிதி. முடிகிற சமயத்தில் ஒரு கமிட்டி வந்து பார்க்கும். அவர்கள் சம்மதித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓடும். இல்லையென்றால் பூட்டுதான். ஆறு தொட்டிகள். மூன்றில் நல்ல தண்ணீர், மூன்றில் கம்பெனித் தண்ணீர். தொட்டிக்கு ஐம்பது ஜிலேபிக் கெண்டை. ஓரத்தில் ஒரு உபரித் தொட்டி. அதில் எத்தனை இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. கம்பெனித் தண்ணீர் லாரியில் வந்து, தரைக்கு அடியில் இருக்கும் பத்தடி சம்ப்பில் இறங்கும். அங்கிருந்து தொட்டிக்கு ஏற்றுவோம்.

கவியா அந்த ஆராய்ச்சியைச் செய்த மாணவி. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி தினமும் வந்து போகும். தான் வராத நாளில் நோட்டு எழுத ஆள் வேண்டும் என்று எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது அந்தப் பிள்ளைதான். மத்தியானத்தில் தீனி மூட்டைமேல் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவோம். நல்ல பிள்ளை. ரத்தம் எடுக்கிற ஊசியோடு தொட்டிப் பக்கம் போனால் மீன்கள் விலகிப் போகும். "அண்ணாச்சி, ஒங்களக் கண்டா ஓடி வருது, எனக்கு வாலக் காட்டிட்டுப் போவுது பாத்தியளா" என்று குறைபட்டுக்கொள்ளும். "உன் கையில ஊசி கீதுமா, என் கையில தீனி கீது. நீயா இருந்தா யார்கிட்ட வருவ?" என்பேன்.

மூன்றாம் வருடம் ஆடி மாதத்தில் நான்காம் தொட்டியில் முதல் மீன் செத்து மிதந்தது. அது கம்பெனித் தண்ணீர்த் தொட்டி. செத்ததைக் கவரில் போட்டு, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. லைனில் வேலை பார்த்தவனுக்கு ஒன்று தெரியும். ரிஜெக்ட் ஆகிற பொருள் கூடினால் முதலில் வீட்டுக்குப் போகிறவன் லைனில் நிற்கிற ஆள். மிஷினை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. காம்பவுண்டு ஓரத்தில் குழி தோண்டி அந்த மீனைப் புதைத்தேன். உபரித் தொட்டியிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பிடித்து நான்காம் தொட்டியில் விட்டேன். நோட்டில் ஐம்பது என்று எழுதினேன். எண்ணிப் பார்த்தாலும் ஐம்பதுதான் இருந்தது.

ஆராய்ச்சி மீனுக்கு அடையாளமாக வயிற்றுப் பக்கத்துத் துடுப்பு இரண்டில் ஒன்றைக் கத்தரித்திருப்பார்கள். நான் விட்ட மீனுக்கும் கத்தரித்துத்தான் விட்டேன். வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தை பிறப்பதற்குள் அந்தத் தொட்டியில் இருபத்திரண்டு மீன் செத்தன. இருபத்திரண்டையும் மாற்றினேன். கமிட்டி வருகிற தேதியைச் சொன்னார்கள், செவ்வாய்க்கிழமை. வீட்டில் என் சம்சாரம் செங்கமலம், "கமிட்டி வந்தா உனக்கு இன்னாய்யா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணும் இல்லன்னா ஏன் சோத்தப் பெசஞ்சிகினே கீற? வாயில போடு" என்றாள். அவளுக்கு முட்டி தேய்ந்து, ஹாஸ்டல் பெருக்குகிற வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, கடைசியாக எடை பார்ப்பதற்குக் கவியா நான்காம் தொட்டியில் வலை போட்டது. ஒரு மீனைத் தலை தன் பக்கமாக, வயிறு மேலாகப் பிடித்தது. பிறகு இன்னொன்றை எடுத்தது.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இது வலப்பக்கம்லா வெட்டிருக்கு."

"வலப்பக்கந்தானம்மா வெட்டுவ."

"நான் ஒரு மீனுக்கும் வலப்பக்கம் வெட்டலயே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை கத்தரிக்கும்போது நான் எதிரில் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு வலப்பக்கமாகத் தெரிந்தது அதற்கு இடப்பக்கம். பிறகு நானே கத்தரித்தபோது அதைப் போலவே பிடித்து, நான் கண்ட பக்கத்தை வெட்டியிருக்கிறேன். எதிரே நின்று வேலை பார்க்கிறவன் செய்கிற தப்பு.

ஐம்பதையும் திருப்பிப் பார்த்துவிட்டு, கவியா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. திட்டவில்லை.

"செத்ததெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"பொதச்சிட்டேம்மா."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு ரெண்டா இருந்தா வெளிய தெரியாதுன்னு... அப்புறம் அப்படியே பூட்சும்மா."

"செத்ததுதான எனக்கு வேணும். இந்தத் தண்ணில மீனு சாவுதுன்னா, சாவுதுன்னு எழுதத்தான ஒக்காந்திருக்கோம்."

"அப்டி எழுதினா மூடிடுவாங்களே."

"யாரு சொன்னா? ஏன் சாவுதுன்னு பாக்கதுக்கு இன்னும் நிதி கேப்பாரு சாரு. ஒங்க வேலைக்கு நான் பொறுப்பு அண்ணாச்சி. ஆனா திங்கக்கிழம சார்ட்ட சொல்லியாவணும். சொல்லாட்டா இந்த மீனத் திங்கலாம்னு நான் கையெழுத்துப் போட்ட மாதிரிலா ஆயிரும். யாரு பெத்த பிள்ளையெல்லாம் திங்குமோ."

அது சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை, ஐயா. ஆனால் 'உன் வேலைக்கு நான் பொறுப்பு' என்று என்னிடம் முன்பே மூன்று சூப்பர்வைசர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் நல்லவர்கள். மூவரும் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை சார் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அதற்குள் சம்ப்பின் அடியிலிருந்து கொஞ்சம் சகதி எடுத்து வைத்துவிட்டால், எது மீனைக் கொன்றது என்று காட்டிவிடலாம் என்று கவியா சொன்னது. பாட்டிலில் வேறு கை படக்கூடாது என்பதால் சகதி எடுக்க எப்போதும் அதுதான் இறங்கும். இறங்கும் முன்பு மூடியைத் திறந்து, ப்ளோயர் குழாயை உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் காற்று அடிக்க வேண்டும். சகதியிலிருந்து கிளம்புகிற வாயு பொல்லாதது. காற்று அடிப்பது என் வேலை. அடித்து முடித்து நான் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் அது ஏணியில் கால் வைக்கும். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அது மாறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ப்ளோயரைத் துடைத்து எண்ணெய் போட்டேன். அது நன்றாகவே ஓடியது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை எட்டே முக்கால் ஆனது. கவியா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி கேட்டுக்குள் வந்ததைப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறந்தேன். குழாயை உள்ளே தொங்கவிட்டேன். சுவிட்சைத் தொடவில்லை.

"காத்து அடிச்சாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சும்மா. இப்பதான் நிறுத்தினேன்."

பாட்டிலை இடுப்புப் பையில் செருகிக்கொண்டு இறங்கியது. ஆறாவது படியில் "அண்ணா" என்றது. மீதி வரவில்லை. நான் மேலே நின்று பார்த்தேன். அதிக நேரம் ஆகவில்லை. பிறகு ப்ளோயரைப் போட்டேன். காப்பாற்ற இறங்குகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாவம் அல்லவா. கால் மணி நேரம் காற்று உள்ளே போகட்டும் என்று இருந்துவிட்டு, அப்புறம்தான் சத்தம் போட்டேன்.

அங்கேதான் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். தீயணைப்பு வண்டி வந்தபோது ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. காற்று அடித்தும் ஆள் செத்திருக்கிறது, அப்படியானால் பண்ணையில் பாதுகாப்பே சரியில்லை என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். பண்ணைக்கு சீல் வைத்தார்கள். சாரை சஸ்பெண்ட் செய்தார்கள். கமிட்டி வரவே இல்லை. கவியாவின் அம்மா மீனம்மாள் வந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தித்தான் எம்பிள்ள போன்ல பேசும்யா. நீங்க எழுதப் படிச்சதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

கரண்டையும் வெட்டிவிட்டார்கள். காற்று போகாத தொட்டியில் மீன் எத்தனை நாள் இருக்கும்? ஐந்து வாரமாக விடியற்காலையிலும் சாயங்காலமும் வேலி தாண்டிப் போய், வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறேன். தோள் இரண்டும் கழன்றுவிட்டன. அப்படியும் பாதிக்குமேல் போய்விட்டன. நேற்று உங்கள் கான்ஸ்டபிள் என்னைப் பிடித்தது அந்த வேலையில்தான், நான் திருடப் போகவில்லை.

அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். ப்ளோயர்மேல் குறை இல்லை. சார்மேல் குறை இல்லை. பண்ணையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆகவில்லை என்று தெரிந்தே ஆச்சு என்று சொல்லி, கவியாவைக் கொன்றது நான். இதை மேலே அனுப்பினால் சீலை எடுத்துவிடுவார்கள், நிதியும் திரும்ப வரும். திறந்த உடனே தொட்டி பார்க்கப் பழகிய ஆள் ஒருவன் வேண்டும். சிவசங்கர் சாரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: வழக்கு முடிந்து நான் வருகிறவரைக்கும் அந்த இடத்தில் வேறு யாரையும் போட்டுவிட வேண்டாம்.