ரத்தினபாய் டைரக்டரான விதம்

யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். எங்கள் இரும்புலியூர் தெருவில் அது பெரிய வித்தை இல்லை; சுவர்கள் அப்படி. ஆனாலும் என் பேச்சை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. "சரசு ஆரம்பிச்சிட்டா" என்று கதவைச் சாத்துவார்கள். கடைசிவரை கேட்ட ஒரே ஆள் ஸ்ரீரங்கன் சார்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் உட்கார்ந்து கம்பெனி பதிவு செய்துகொடுப்பவர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கம், தெருவுக்கொரு பைனான்ஸ் கம்பெனி முளைத்த நேரம். பிரைவேட் லிமிடெட் என்றால் சட்டத்துக்கு இரண்டு பேர் போதுமாம். பெயர், விலாசம், தொழில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் ஒரு சாட்சி. பின்னால் இருக்கும் முதலாளி யார் என்று அந்தத் தாள் கேட்பதில்லை.

"வெவகாரம் ஆச்சுன்னா போலீஸ் தேடறது இந்த ரெண்டு பேரைத்தான், சரசு. கேக்க ஆள் இல்லாதவங்களா பாத்து சொல்லு" என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒருவர் ஜெயவேலு; காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு எதற்கும் தலையாட்டுபவர். இன்னொருத்தி எதிர்வீட்டு ரத்தினபாய். புருஷன் போனபின் இடியாப்பம் விற்று மகள் அருள்மேரியைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பி கிடையாது. மாமியார் வீட்டோடு பேச்சு கிடையாது. எல்லாம் அவளே என்னிடம் சொன்னதுதான்.

"அக்கா, வில்லங்கம் ஒண்ணும் இல்லியே?"

"உன்ன டைரக்டர் ஆக்கறாங்கடி. காலம்பூரா இடியாப்பம் புழிஞ்சாலும் இந்தப் பேரு வருமா?"

"போக்கா, கிண்டல் பண்ணாத" என்று சிரித்தாள்.

தொழில் என்ற இடத்தில் 'இடியாப்ப வியாபாரம்' என்று எழுதப்போனாள். "வியாபாரம்னு போட்டா போதும்மா" என்றார் சார். முத்து முத்தான எழுத்து. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். தீபாவளிக்கு எனக்கு ஒரு குக்கர் வந்தது. நல்ல குக்கர், இன்னும் உழைக்கிறது.

பின்னால் இருந்த முதலாளி வசூலான பணத்தோடு கம்பெனியை மூடிய அன்று, பணம் போட்டவர்கள் வந்து அவள் வாசலில் கிடந்த இடியாப்பத் தட்டுகளை மிதித்துப் போட்டார்கள். என் ஜன்னலிலிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும். ஜெயவேலு எங்கோ ஓடிப்போயிருந்தார். போலீஸ்காரர்கள் வந்து அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"அக்கா, நீ வந்து சொல்லுக்கா! எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமே."

நான் தாழ்ப்பாளைப் போட்டேன். சாட்சி என்பது கையெழுத்துக்குத்தான், மற்றதற்கில்லை. ஜாமீனில் வந்தவள் ஒரு விடியற்காலையில் தண்டவாளத்துப் பக்கம் நடந்துபோனாள். திரும்பவில்லை.

யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். அவள்தான் மாட்டுவாள் என்று தெரிந்தேதான் அவள் பெயரைச் சொன்னேன். அவள்மேல் கோபமெல்லாம் இல்லை. சார் கேட்டார், எனக்குத் தெரிந்திருந்தது.

அருள்மேரியை நான்தான் என் வீட்டில் வைத்து வளர்த்தேன். பெரியம்மா என்று உயிரை விடுவாள். அவளுக்கும் வேறு யாரும் இல்லை. போன வாரம் பதினெட்டு முடிந்தது. அதற்கு முன்னால் சட்டம் ஒத்துக்கொள்ளாது. முடிச்சூரில் பிளாட் போட்டு விற்க ஸ்ரீரங்கன் சார் புதுக் கம்பெனி ஒன்று பதிகிறார். அம்மாவைப் போலவே இவளுக்கும் அழகான எழுத்து. தாயில்லாத பிள்ளைக்கு நானும் ஒரு நல்லது செய்ய வேண்டாமா?

தொழில் என்ற இடத்தில் என்ன எழுதச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.