பாவாயி வீட்டு மேல்சரிவு

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேராக மறுத்துப் பேச மாட்டார்கள். மறுத்துப் பேசுகிற கெட்ட பழக்கம் எனக்குக் கல்லூரியில்தான் வந்தது.

பாவாயி அத்தை எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். வீட்டுக்கு மேலே குவிந்திருந்த மண் மழையில் இறங்கி வீட்டை மூடியது, இறந்தார். அது உங்களுக்கே தெரியும். ஏன் இறங்கியது என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன், மேடம். யாரும் என்னை ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கவிப்பிரியா. தலைச்சோலை தாண்டி, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து கீழே இறங்கினால் எங்கள் ஊர். காப்பித் தோட்டத்து வேலை, கொஞ்சம் சாமை, கொஞ்சம் மிளகு. ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சிவில் என்ஜினியரிங். சேலத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். சைட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால், 'நீ ஆபீஸ்ல உக்காந்து போன் எடும்மா, அது போதும்' என்றார். போன் எடுப்பதற்கா எங்கப்பா என்னைப் படிக்க வைத்தார்? விட்டுவிட்டு மலையேறி வந்துவிட்டேன். வந்தபோது எங்கள் மேல்சரிவில் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சரிவு ஒரு பழைய எஸ்டேட்டின் துண்டு. ஒரு கம்பெனி அதை வாங்கி, வீட்டு மனைகளாகப் பிரித்து, 'பனிமுகில் நகர்' என்று வாசலில் வளைவு வைத்துவிட்டது. அனுமதி வருவதற்கு முன்பே சரிவின் குறுக்கே ரோடு வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் குவித்து, அது இறங்காமலிருக்க நீளமாக ஒரு கல்சுவர் எழுப்பினார்கள். சுவருக்குக் கீழே முதல் வீடு பாவாயி அத்தையுடையது. அதற்குக் கீழே நாங்கள் எல்லோரும்.

மலையில் மனை பிரிப்பதென்றால் அதிகாரிகள் வந்து அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும். வந்து கேட்கத்தான் செய்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு, வரைபடத்தை விரித்து, "உங்கள்ல யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?" என்றார் அதிகாரி. ஊர்க்காரியம் பார்க்கிற கந்தசாமி பெரியப்பா எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆகட்டுங்க" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்றார்கள்.

இது உங்களுக்குப் புரிய வேண்டும். எங்களிடம் 'ஆகட்டுங்க' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்கவில்லை என்றால் காப்பி கொடுத்து, 'ஆகட்டுங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அவர்கள் மறுபடி வர மாட்டார்கள். அதிகாரிக்கு இது தெரியாது. ஊரார் ஒருமனதாகச் சம்மதித்தார்கள் என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஊர்க்காரர்களோ நாசூக்காக மறுத்து அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நான் மேலே எழுதிப் போட்டேன். ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்றேன். அதற்குப் பிறகுதான் இடத்திலேயே வந்து இன்னொரு முறை விசாரிப்பதாகச் சொன்னார்கள். அந்த முறை என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஊரைக் கூட்டினேன்.

"வேண்டாங்கன்னு சொல்லுங்க. அது ஒண்ணுதான். வேற எதையும் பேசாதீங்க."

"மொகத்துக்கு நேராவா?" என்றார் கந்தசாமி பெரியப்பா. "நம்ம ஊடு தேடி வந்த மனுசனப் போயி எப்படிக் கண்ணு வேண்டாங்கறது? நல்லாவா இருக்கும்?"

"மாமாவுக்கு வெக்கம்" என்றார் பாவாயி அத்தை. "கல்யாணத்தன்னைக்குக் கூட இத்தன வெக்கப்பட்டிருக்க மாட்டாரு. ஏங்கண்ணு கவி, நான் எங்க ஆட்டுகிட்டச் சொல்லிப் பழகிக்கறேன். அது ஒண்ணுதான் என்னைய எதுத்துப் பேசாது."

பாவாயி அத்தை தனி ஆள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். மகன் திருப்பூரில். அவருக்கு இருந்தது ஆடுகளும் வாயும்தான். அந்த வாரம் முழுக்க ஆட்டுக்கொட்டகையிலிருந்து அவர் குரல் கேட்டது: "வேண்டாங்க. வேண்டவே வேண்டாங்க. நொம்ப வேண்டாங்க." ஊரே சிரித்தது. ஆனால் விசாரணை நாளில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் ஒருவர்தான் முன்னால் போய் நின்றார்.

"வேண்டாங்க" என்றார். "எங்க ஊத்து அந்தப் பாறைக்கடியிலிருந்துதானுங்க வருது. அதுக்கு மேல ஊடு கட்டிக் கக்கூஸ் கட்டினா நாங்க எதைக் குடிக்கறதுங்க?"

"கம்பெனில போர் போட்டுக் குடுப்பாங்கம்மா" என்றார் அதிகாரி.

"சேர்வராயன் கோயிலு திருவிழாவுக்கு நாங்க செருப்பில்லாம நடந்து போற தடமுங்க அது."

"தடத்துக்கு இடம் விட்டுத்தான் பிளான் போட்டிருக்காங்க."

"அப்பறம் எங்களுக்கு இங்க என்னதானுங்க வேலை?"

"ஏம்மா, வாட்ச்மேன் வேலை, தோட்ட வேலை, வீட்டு வேலை எல்லாம் உங்களுக்குத்தானே?"

அதிகாரி அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அந்த வீடுகளின் பாத்திரத்தை எங்கள் பெண்கள் கழுவுவார்கள் என்பதை, வரம் கொடுப்பது போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம்ங்க. இதை வெச்சு எதுவும் எழுத முடியாது. நீங்க படிச்சவங்க. டெக்னிக்கலா ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

"மண்ணு சரியும் சார்" என்றேன்.

"இதுக்கு முன்னாடி இங்க சரிஞ்சிருக்கா?"

"இல்லை."

"யாராச்சும் செத்திருக்காங்களா?"

பக்கத்தில் நின்ற கம்பெனி என்ஜினியர் ஜாபெஸ் சிரித்தான். என் வயதுதான் இருக்கும். "மேடம் வேணும்னா சுவத்து மேல ஏறிக் குதிச்சுப் பாக்கட்டும் சார்" என்றான். அதிகாரி சிரிக்கவில்லை. பொறுமையாகவே பேசினார். "அப்படி ஒரு சாவு நடந்திருந்தா நான் இன்னைக்கே இதை ரத்து பண்ணிருவேங்க. நடக்காத ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் என்னன்னு எழுதறது?"

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. எதைக் கொடுத்தால் செல்லும் என்று எங்களிடம் தெளிவாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஐப்பசி மழை பிடித்தது. ஜாபெஸ் கட்டிய சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் விட்டிருந்தார்கள். மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர் அதன் வழியாக வெளியே வடிந்துவிடும். வடியாவிட்டால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் நிற்கும், மண் கனக்கும். இது முதல் வருடத்துப் பாடம். களிமண்ணையும் கிழிந்த சாக்கையும் வைத்து அந்தத் துளைகளை அடைத்தேன். சரிவின் உச்சியில் எஸ்டேட் காலத்துக் கல் வாய்க்கால் ஒன்று உண்டு. மேலே பெய்கிற மழையை ஓடைக்குக் கொண்டுபோய் விடுவது அதுதான். அதை மறித்து, தண்ணீரைக் குவித்த மண் பக்கம் திருப்பிவிட்டேன்.

எல்லாம் பகலில்தான். மழைக்காலத்தில் மம்பட்டியோடு சரிவில் நிற்கிற பெண்ணை எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கம்பெனி வாட்ச்மேன் சின்னையன் மட்டும் ஒருமுறை குடையோடு வந்து பார்த்தார்.

"என்ன சாமி, கெழங்கு தோண்டறயா?"

"ஆமாங்க."

"கெடச்சா எனக்கும் ரெண்டு குடு. சுட்டுத் திங்கலாம்."

அவர் கொட்டகையும் சுவருக்குப் பக்கத்தில்தான். அவரை நான் யோசித்துப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் வெளியூர், குடிப்பார். அவர் செத்தால் போதையில் விழுந்து செத்தார் என்று எழுதி முடித்திருப்பார்கள். அது எங்களுக்கு உதவாது. ஊர் ஆளாக இருக்க வேண்டும். சொந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். நல்ல பெயர் இருக்க வேண்டும்.

அன்று வெள்ளக்கடையில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அப்பாவையும் அம்மாவையும் காலையிலேயே அனுப்பிவிட்டேன். கந்தசாமி பெரியப்பா வீடும், அடுத்த வீடுகளும் நான் சொல்லாமலே கிளம்பிவிட்டன. கறிச்சோறு என்றால் எங்கள் ஊரில் யார் தங்குவார்கள்? பாவாயி அத்தையும் நல்ல புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கண்ணு, நானும் ஒரெட்டுப் போயிட்டு வந்தர்றேன்."

"ஆடு குட்டி போடற நேரமுங்க அத்தை. நீங்க போயிட்டா யாரு பாக்கறது?"

"ஏன், நீ பாக்க மாட்டியா?"

"எனக்கு ஆடுன்னா பயம்."

வாய்விட்டுச் சிரித்தார். "ஆபீசரையெல்லாம் எதுத்துப் பேசறவ, ஆட்டுக்குப் பயந்துக்கறாளாமா! போ சாமி, எனக்கு ஒரு பொட்டணம் கறி மட்டும் வாங்கியாரச் சொல்லீரு." புடவையை மாற்றுவதற்கு வீட்டுக்குள் போனார்.

எனக்கு ஆடு என்றால் பயமில்லை. ஆளில்லாத வீடு இடிந்தால் அதற்கு நஷ்டஈடு கொடுத்து முடித்துக்கொள்வார்கள். அதிகாரி கேட்டது அதை அல்ல.

மத்தியானத்துக்குப் பிறகு மண் இறங்கியது. சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுவது போல இருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. முதலில் ஓடியது நான்தான். கையாலேயே தோண்டினேன். நகம் பிய்ந்ததை உங்கள் ஆட்களே பார்த்தார்கள். அதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். பாவாயி அத்தையை எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரில் எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர். அதனால்தான் அவர். பிடிக்காத யாரையாவது அங்கே இருக்க வைத்திருந்தால், அது கொலை.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனைப்பிரிவை ரத்து செய்தார்கள். வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மோசமாகச் சுவர் கட்டினான் என்று ஜாபெஸைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். ஊரில் பெண்கள் என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு நிபுணர்கள் என்று சிலர் வந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தச் சரிவில் ஆள் வாழக்கூடாது, ஊரையே காலி செய்ய வேண்டும், அடிவாரத்தில் எல்லோருக்கும் காங்கிரீட் வீடு தருகிறோம் என்றார்கள். நான் கந்தசாமி பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் கூரைத் தகட்டைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவங்க சொல்றது தப்புங்க பெரியப்பா. மலைக்கு ஒண்ணும் ஆகாது. போக வேண்டாங்க."

"நீதான கண்ணு மண்ணு சரியும்ன?" என்றார். கோபமே இல்லை. "நீ சொன்னப்ப ஒருத்தனும் நம்புல. பாவாயியக் குடுத்தம். இன்னும் யாரக் குடுக்கறது? படிச்ச புள்ள சொன்னாக் கேக்கோணும்னு இப்பத்தான் எங்களுக்குப் புத்தி வந்துருக்குது."

வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். என் பெயரைச் சொல்லித்தான் மூட்டை கட்டுகிறார்கள். 'கவி சொல்லுச்சு, நடந்துருச்சு' என்கிறார்கள். எங்கம்மாவும் கட்டிவிட்டாள். காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் காய்த்தபடி அப்படியே நிற்கின்றன. போகமாட்டேன் என்று எதிர்த்து நிற்கக்கூடிய ஒரே ஆளும் இப்போது ஊரில் இல்லை.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். இதை நான் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஜாபெஸ் வெளியே வருவான். நான் உள்ளே போவேன். கம்பெனி மறுபடி மனுப் போடும், அனுமதியும் கிடைக்கும். கிடைக்கட்டும். மேலே அவர்கள் இருந்தாலும் கீழே நாங்கள் இருப்போம். எனக்கு வேண்டியது, நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றாமல் எழுதி அந்த நிபுணர்களுக்கு அனுப்புவது.

அந்த மலை உறுதியான மலை. கடைசி வருடப் படிப்புக்காக நானே அங்கே குழி தோண்டிப் பார்த்திருக்கிறேன். எங்கே தோண்டினாலும் முழங்கால் ஆழத்தில் பாறை தட்டும். சரியும் என்று அதிகாரியிடம் சொன்னபோதே சரியாது என்று எனக்குத் தெரியும். ஜாபெஸ் கட்டியதும் நல்ல சுவர். துளையை அடைத்தேன், அசையவில்லை. வாய்க்காலைத் திருப்பினேன், ஒரு பெருமழை முழுக்கத் தாங்கியது. காதுகுத்துக்கு முந்தின நாள் கடப்பாரையோடு போய் அடிக்கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. தானாக விழுகிற எண்ணமே அதற்கு இல்லை, மேடம். நான்தான் விடவில்லை.