பலகையில் வைத்த கத்தி

— இதுவும் ஆகாது, கடைக்காரரே. அடுத்ததை எடுங்க.

— ஏம்மா, இதுல என்ன குறை? பளபளன்னு மொகம் பாக்கலாம் போல இருக்கு.

— மொகம் பாக்க வீட்டுல கண்ணாடி கெடக்கு. நான் வாழை எலை நறுக்குறவ. எலை ஈரம், கையெல்லாம் வாழைப்பாலு. இந்த வழுவழுப் பிடி வெரலுக்குள்ள நிக்குமா? சரக்குன்னு வழுக்கி உள்ளங்கையில எறங்கிரும்.

— சரி, அப்ப இதைப் பாரு. மடக்குனா ஒண்ணு, விரிச்சா நாலு. கத்தி, கத்திரி, ரம்பம், இந்தச் சுருள் கம்பி பாட்டில் தக்கை புடுங்க.

— எனக்கு ஒண்ணு போதும். மிச்ச மூணையும் நீங்களே வச்சுக்கிறீகளா?

— அப்பிடிப் பிரிச்சு விக்க முடியாதும்மா.

— அப்ப எடுத்து உள்ள வைங்க. அது சரி, ஒவ்வொரு கத்தியையும் எதுக்குப் பலகையில வச்சுத் தள்ளி விடுறீக? கையில குடுத்தா என்ன?

— கத்தியைக் கையில குடுத்தா, குடுத்தவனுக்கும் வாங்குனவனுக்கும் சண்டை வரும். காரைக்குடி பூராவும் விசாரிச்சுக்க. மலையாண்டி கடையில கத்தியைக் கையில வாங்குனேன்னு ஒரு மனுசன் சொல்லட்டும், அன்னைக்கே கடையைச் சாத்திர்றேன்.

— கடை வச்ச நாள்ல இருந்தா?

— கடை வச்ச நாள்ல இருந்து.

— அதுக்கு முந்தி?

— நாகவல்லி, போதும். நீ யாருன்னு தெரியாத மாதிரி நானும், நான் யாருன்னு தெரியாத மாதிரி நீயும் எம்புட்டு நேரந்தான் பேசுறது? கட்டுன பொண்டாட்டியை ‘ஏம்மா’ன்னு கூப்பிட்டு என் நாக்கே கூசுது.

— வந்து நின்னதும் நீங்கதான ‘என்ன வேணும்மா’ன்னு கேட்டீக. கடைக்காரரு கேக்குறாருன்னு நானும் கத்தி வேணும்னு சொன்னேன்.

— பதினோரு வருசம் கழிச்சுத் திடீர்னு வாசல்ல நிக்கிற. வாய்க்கு வந்தது அதுதான். என்னத்தச் சொல்ல!

— ஒண்ணும் சொல்ல வேணாம். கத்தியை எடுங்க.

— காரைக்குடியில வேற கடையே இல்லையா?

— எட்டுக் கடை இருக்கு. எண்ணிட்டுத்தான் வந்தேன். என் கத்தியைப் புடுங்கிக் கெணத்துல போட்டது அந்த எட்டுப் பேருல யாரும் இல்ல. போட்டவுகதான பதில் கத்தி குடுக்கணும்?

— அது நடந்து பதினோரு வருசம் ஆச்சு. இன்னைக்கு என்ன வந்துச்சு?

— கோட்டையூர்ல ஒரு ஆச்சி வீட்டுக் கல்யாணம். மூணு நாளைக்கும் எலை என் பொறுப்பு. பந்திக்குப் பந்தி அங்கேயே நின்னு நறுக்கிக் குடுக்கணும். ‘அருவாளைத் தூக்கிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குள்ள வராத, சம்மந்தி வீட்டுக்காரவுக பாத்தா நல்லா இருக்காது’ன்னு ஆச்சி கண்டிசனாச் சொல்லிட்டாக. சுருக்குப் பைக்குள்ள அடங்குற கத்திதான் வேணும். நாளைக்குக் காலையில மொதப் பந்தி. அங்க போயி நான் திணறுனா, அடுத்த கல்யாணத்துக்கு என்னைய எவுக கூப்பிடுவாக?

— ஒத்தப் பொம்பளையா மூணு நாளு கல்யாணத்துக்கு எலை குடுத்துர முடியுமா?

— பதினோரு வருசமா ஒத்தையிலதான் பாக்குறேன். சிங்கம்புணரிச் சந்தையில கேட்டுப் பாருங்க.

— சொல்றதைக் கேளு, கோவிச்சுக்காத. இந்தா, இது பட்டன் கத்தி. அமுக்குனா தானாத் தொறந்துக்கும்.

— ஆத்தீ! எலை எடுக்கக் குனியும்போது இடுப்புல அமுங்கித் தொறந்துச்சுன்னா? இதை நாலு பேருக்கு முன்னால எடுத்தா எலையறுக்க வந்தவளா, கழுத்தறுக்க வந்தவளான்னு கேப்பாக. இப்ப இருக்குற எமர்ஜென்சிக் கெடுபிடியில போலீசுக்காரவுக புடிச்சாலும் புடிச்சுக்கிட்டுப் போயிருவாக.

— அதுவும் சரிதான். இதை நான் யாருக்கும் காட்டுறதே இல்ல. என்னமோ அவசரத்துல எடுத்துட்டேன்.

— அவசரப்படுறது உங்களுக்குப் பழக்கந்தான.

— குத்திக் காட்டுறியா?

— கத்திக் கடையில வேற எதைக் காட்ட?

— கேளு, நாகவல்லி. அன்னைக்கு நடந்ததுக்கு என்ன காரணம்னு நான் ரொம்ப நாளு யோசிச்சு வச்சிருக்கேன். தனுஸ்கோடியில புயலடிச்ச மார்கழி அது. நீ விடியக்காலம் தோட்டத்துக்குக் கெளம்புன. கத்தியை அடுப்படியில மறந்து வச்சுட்டுப் போயிட்ட. நான் பின்னாலயே ஓடியாந்து குடுத்தேன். எங்க குடுத்தேன்? ஒன் கையில! தரையில வச்சு எடுத்துக்கன்னு சொல்லல. அன்னைக்குச் சாயங்காலமே வந்துச்சு பாரு சண்டை.

— அதுனாலதான் இப்ப யாருக்கும் கையில குடுக்குறதில்லையாக்கும்?

— ஒரு குடும்பம் பட்டது போதும்னுதான்.

— நல்லா இருக்கு! பழியைத் தூக்கிக் கத்தி தலையில போட்டுட்டு நீங்க நிம்மதியா யாவாரம் பாத்துக்கிட்டு இருந்திருக்கீக. கத்தியைக் குடுத்ததால சண்டை வரல, கடைக்காரரே. புடுங்குனதால வந்துச்சு.

— ஊருல கேலி பேசுனாக. ‘மலையாண்டி பொண்டாட்டி காளையார்கோவில் சந்தையில சாக்கு விரிச்சு எலை விக்கிறா, இவன் வீட்டுல உக்காந்து திங்கிறான்’னு டீக்கடையில வச்சுச் சிரிச்சாக. எனக்கு அவமானமாப் போச்சு.

— சிரிச்சவுக வாயை விட்டுட்டீக. என் கத்தியைப் புடிச்சுக்கிட்டீக.

— ஆமா.

— கொம்புப் பிடி, ஒத்த அலகு. என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. எலை வித்த காசுல நானாப் பாத்து, நானாப் பேசி வாங்குன மொதச் சாமான். அது தண்ணிக்குள்ள விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. உங்க மேல இருந்த கோவம் ரெண்டு நாள்ல போயிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட வீட்டுல என்னால இருக்க முடியல.

— தப்புத்தான்.

— என்னது?

— தப்புத்தான்னேன். கத்தி ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன். போதுமா?

— போதாது. அடுத்த கத்தியை எடுங்க.

— விட மாட்டியே நீ! இந்தா, இது திருப்பாச்சேத்திக் கொல்லரு அடிச்சது. மடக்குக் கத்திதான், மரப்பிடி, கருப்பு அலகு. பாக்க ஒண்ணும் இருக்காது. வர்றவுக யாரும் இதைத் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல.

— நீங்க எலையைப் பிடிங்க, நறுக்கிப் பாக்குறேன். பைக்குள்ள ஒண்ணு கொண்டாந்திருக்கேன். நல்லா விரிச்சுப் பிடிங்க, சாமி படத்துக்கு மாலை பிடிக்கிற மாதிரி பிடிக்காதீக. ம்… நடு நரம்புல வச்சு இழுத்தா எலை கிழியாமப் போகுது. பிடி சொரசொரன்னு இருக்கு, ஈரத்துல நிக்கும்.

— அப்ப இதையே தாள்ல சுத்தித் தரவா?

— பொறுங்க. அந்தக் கல்லாப்பெட்டிக்கு அடியில ஒரு தகரப் பெட்டி இருக்கே, அதை மட்டும் ஏன் இன்னும் தொறக்கல? நான் வந்ததுல இருந்து உங்க கையி அங்குட்டுப் போகுது, திரும்பி வந்துருது.

— அதுல இருக்குறது விக்கிறதுக்கு இல்ல.

— எடுங்க.

— பாத்தா சங்கடப்படுவ.

— எடுங்கன்னேன்ல.

— இந்தா. பலகையில வச்சிருக்கேன். பாரு.

— இந்தப் பித்தளை முனையில பள்ளம் இருக்கு. பனங்கொட்டையைத் தட்டுனதுல விழுந்த பள்ளம். நான் தட்டுனது. இது என் கத்தி! இது எப்பிடி இங்குட்டு வந்துச்சு?

— போன வருசம் மழை எங்க பேஞ்சுச்சு? ஊர்க் கெணறெல்லாம் வத்திப் போச்சுல்ல. நம்ம வீட்டுக் கெணத்தை ஆளு வச்சுத் தூர் வாரினேன். தண்ணிக்குத்தான்னு எல்லாரும் நெனச்சாக. மூணாம் நாளு சேத்துக்குள்ள இருந்து வந்துச்சு. பிடி அழுகி, ஸ்பிரிங்கு ஒடிஞ்சு கெடந்துச்சு. சாணை பிடிச்சு, புதுக் கொம்பு போட்டு, வாரத்துக்கு ஒருக்கா தேங்காண்ணெய் தடவி வச்சிருக்கேன்.

— தண்ணி வத்துற வரைக்கும் சும்மாவா இருந்தீக?

— இல்ல. இதே மாதிரி ஒண்ணு தேடி மருதைக்குப் போனேன், திண்டுக்கல்லுக்குப் போனேன். கடைக்குள்ள போயிட்டு வெறுங்கையோட வரக் கூடாதேன்னு ரெண்டு மூணு வாங்கிட்டு வருவேன். அப்பிடிச் சேந்துச்சு ஒரு பெட்டி. அதை வச்சுத்தான் இந்தக் கடையைப் போட்டேன்.

— ஒரு கத்தியைத் தொலைச்சதுக்கு ஒரு கடையவே வச்சிருக்கீக! அது கெடைச்ச அன்னைக்கே கொண்டாந்து குடுத்தா என்ன?

— எந்த மொகத்தோட வர? நம்மளை அத்துவிடணும்னு பெரியவுக பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாகல்ல, ஊருக்கு முன்னால துரும்பைக் கிள்ளிப் போட்டுட்டுப் போகச் சொல்லி. அன்னைக்கு நான் போகல. நீ வந்து காத்துக் கெடந்து, என்னைய ஏசிட்டுப் போயிருப்பன்னு நெனச்சேன்.

— நானா? நானுந்தான் போகல.

— என்ன சொல்ற! போகலையா?

— எலை லோடு வந்துச்சு.

— லோடு வந்ததாலயா போகல?

— லோடு வராட்டியும் போயிருக்க மாட்டேன்.

— அப்பப் பெரியவுக மட்டும் துரும்பைக் கையில வச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாகளா?

— சிரிக்காதீக. கத்தியைத் தொறந்து பாக்கணும்.

— தொற, தொற. ஒன் கத்தி.

— வரல.

— அலகுல பள்ளம் இருக்கு பாரு, அதுல நகத்தைக் குடுத்து இழு. புது ஸ்பிரிங்கு, அதான் விறைப்பா இருக்கு.

— ஸ்பிரிங்கு இல்லீக. கட்டைவெரலு. எலைக்கட்டை இறுக்கி இறுக்கி இது இப்ப மடங்குறதில்ல. நகமும் நிக்கிறதில்ல.

— காட்டு… அடப் பாவமே, இப்பிடிக் காய்ச்சுப் போயிருக்கு.

— பாவம் பாக்க வேணாம். இந்த வெரலுதான் எனக்குச் சோறு போடுது.

— ஸ்பிரிங்கைத் தளத்தித் தர்றேன். ஒரு மணி நேரம் உக்காரு.

— தளத்துனா பைக்குள்ளயே தொறந்துக்கும். வேணாம். அந்தத் திருப்பாச்சேத்திக் கத்தியவே குடுங்க. அதுல அலகை ரெண்டு வெரலாலப் பிடிச்சுத் தொறக்கலாம், நகம் தேவையில்ல.

— நாகவல்லி! கெணத்தைத் தோண்டி எடுத்த கத்தி. இதையா வேணாங்குற?

— வேணாம். இது அப்ப இருந்தவ கைக்கு வாங்குனது. அவ கத்தி போச்சுன்னு கெணத்தடியில உக்காந்து அழுதவ. நாளைக்குப் பந்தியில நிக்கப் போறது நான். ஆசையாத்தான் இருக்கு, இல்லைங்கல. அதுக்காக ஆகாத கத்தியைக் கொண்டு போயி, இருநூறு பேரு எலைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது பல்லால கடிச்சுத் தொறக்கச் சொல்றீகளா?

— மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

— எனக்குந்தான் இருக்கு. அதை நீங்க வச்சுக்கங்க, வெங்காயம் நறுக்க ஆகும். யாரு உங்களுக்குச் சமைச்சுப் போடுறா?

— யாரு இருக்கா? மெஸ்ஸுச் சாப்பாடுதான். நீயும் முந்தி ஒன் தம்பி சேவுகன் வீட்டுல இருந்த. இப்பத் தனியா ஓட்டு வீடு, வேப்ப மரத்துக்கு எதுத்தாப்புல, பச்சைக் கதவு போட்டு…

— பச்சைக் கதவு வரைக்கும் எப்பிடித் தெரியும்?

— பஸ்ஸு அந்தப் பக்கமாத்தான போகுது.

— சிங்கம்புணரியில உங்களுக்கு என்ன சோலி?

— கடைக்குக் கயிறு வாங்க வருவேன்.

— எங்க தெருவுல பஸ்ஸே வராது, கடைக்காரரே.

— அது வந்து… கொஞ்சம் நடக்கலாமேன்னு…

— எத்தனை தடவை கயிறு வாங்குனீக?

— கடைக்குப் பின்னால போயிப் பாரு. மலை மாதிரி கெடக்கு. காரைக்குடியில ஒரு பயலும் கயிறு வாங்க மாட்டேங்குறான்.

— கதவைத் தட்டியிருக்கலாம்ல?

— தட்டி என்ன சொல்ல?

— தப்புத்தான்னு சொல்லியிருக்கலாம். இப்பச் சொன்னீகள்ல, என்ன கொறைஞ்சு போச்சு?

— ஒண்ணும் கொறையல. அதான் கேக்குறேன், நாகவல்லி. நானும் ஒண்டி, நீயும் ஒண்டி. பேசாம நம்ம வீட்டுக்கு வந்துரு.

— வர மாட்டேன். அந்தக் கெணறு இருக்குற வீட்டுக்கு இந்தச் சென்மத்துல வர மாட்டேன். சந்தையையும் விட மாட்டேன். காசைப் பிடிங்க, கத்தியைக் குடுங்க.

— பதில் கத்தின்னுதான கேட்டு வந்த? அதுக்கு எதுக்குக் காசு?

— பதில் கத்தி அந்தா பலகையில இருக்கு. அதைக் குடுத்துட்டீக, அந்தக் கணக்கு தீந்துச்சு. இது நானாப் பாத்து வாங்குறது.

— ஒங்கிட்ட யாரு பேசி ஜெயிக்க? சரி, காசை வாங்கிட்டேன். இந்தா, பலகையில வச்சிருக்கேன். எடுத்துக்க. பஸ்ஸுக்கு நேரமாகுது ஒனக்கு.

— எடுக்க மாட்டேன்.

— இன்னும் இதுல என்ன குறை?

— குறை ஒண்ணும் இல்ல. கையில குடுங்க.

— கையிலயா? வேணாம், நாகவல்லி. ஒருக்காப் பட்டது போதும். கையில குடுத்தா சண்டை வரும்.

— வந்தா வரட்டும், மச்சான். பச்சைக் கதவுதான், தெரியும்ல? தட்டிட்டு உள்ள வந்து சண்டை போடுங்க.