பதினொரு வரிகள்

நம் குழுவின் தவறுக் கடிதத்தில் நான்கு கேள்விகள்தான். என்ன நடந்தது, எதனால் நடந்தது, யாருடைய தவறு, எப்படிச் சரிசெய்வது. முதல் மூன்றுக்கும் விடை எழுதி இரண்டு நாள் ஆகிறது. நான்காவதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமாக எனக்கு அதுதான் எளிது. தவறு எங்கே என்று தெரிந்துவிட்டால் திருத்தம் பக்கத்திலேயே நிற்கும். இந்த முறை தவறு தெரிகிறது, திருத்தம் பிடிபடவில்லை. முதலிலிருந்து எழுதிக்கொண்டே போனால் வழியில் எங்காவது அகப்படும் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த இருவரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். நாம் சம்பளமில்லாமல் பராமரிக்கும் கணினி நிரல் தேதிகளைக் கணக்கிடும், வேறு எதுவும் செய்யாது. நூலகத்தில் புத்தகம் எப்போது திரும்ப வேண்டும், பயணச்சீட்டு எந்த நாள்வரை செல்லும் என்று எங்கெல்லாமோ அது ஓடிக்கொண்டிருக்கிறது. பயன்படுத்துகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நன்றாக ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதைத் தொடங்கி, இருபத்திரண்டு வருடம் தலைமை ஏற்று நடத்தியவர் கமா அண்ணன். எட்டாயிரம் வரிகளுக்கு நடுவே இடம் மாறிக் கிடந்த ஒரு கமாவைக் கண்ணாலேயே பார்த்துப் பிடித்தார், அதிலிருந்து அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் "அது யாரு?" என்று கேட்பார்கள்.

அவர் நமக்குப் பழக்கிய ஒழுங்கு ஒன்று உண்டு. எந்த வரியை யார், எந்த நாளில் எழுதினார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். "நான் அப்படி எழுதலையே" என்று யாராவது ஆரம்பித்தால் அவர் சிரித்துக்கொண்டே, "உன் மண்டையை நம்பாதே, பதிவேட்டைப் பாரு" என்பார். பார்ப்போம். பெயர் இருக்கும். வாயை மூடிக்கொண்டு தவறுக் கடிதம் எழுதுவோம். எழுதிய எல்லோரும் சமம். அவர் எழுதினாலும் அதே படிவம்தான்.

நம் பொது சர்வர் நூலகக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் இருக்கிறது. பதினான்கு வருடமாக அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான். நீங்களெல்லாம் அவரவர் கணினியில் எழுதி அனுப்புவீர்கள். கமா அண்ணன் அப்படியில்லை. வீட்டிலிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து, அங்கேயே தன் ஃபோல்டரில் எழுதுவார். காலை எட்டு முதல் ஒன்றுவரை எழுத்து. எழுதியதை மூன்று முறை படிப்பார். பிறகு சாப்பாடு. இரண்டு மணிக்குப் படுத்தால் மூன்றரைக்கு எழுவார். நான்கு மணிக்கு, காலையில் எழுதியதை ஒரே கட்டளையில் பதிவேட்டில் ஏற்றுவார். அப்போது மறுபடி படிக்க மாட்டார். மூன்று முறை படித்தாயிற்றே.

சர்வரைப் பராமரிக்கிறவன் யாருடைய ஃபோல்டரையும் திறக்கலாம். பழுது பார்க்க அது வேண்டும். திறந்து என்ன செய்கிறாய் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

நிரலைப் பிரித்து அடுக்குவதற்குப் புதிய முறை ஒன்றை மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் அவரிடமிருந்து ஒரே சொல் வந்தது: "தேவையில்லை." அதற்காக எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்க வேண்டாம். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு மாதக் கூட்டத்தில் டீ இடைவேளையின்போது அவரும் நம் குழுவிலிருக்கும் டீச்சரும் ஜன்னலோரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. அடுத்த வாரம் சர்வர் அறையின் இன்னொரு சாவி டீச்சர் கைக்குப் போனது. "ஒரு அவசரம்னா இருக்கட்டும்" என்றார் அண்ணன். பதினான்கு வருடத்தில் வராத அவசரம். அன்று ஜன்னலோரம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் கேட்கவில்லை.

அவருக்கு அறுபத்தேழு. தானாகப் போக மாட்டார், போங்கள் என்று நாமும் சொல்ல மாட்டோம். கௌரவமாக விலக ஒரு காரணம் வேண்டும். அது அவருக்கே சரியென்று படவும் வேண்டும். அப்படி ஒரு காரணத்தை நான் ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

அதற்காக நான் நுழைத்த தவறுகளில் முதலாவது எது என்று சொல்கிறேன், ஏனென்றால் அது அழகான இடம். பதினேழாம் தேதிக்குள் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றால் பதினேழாம் தேதி சேருமா, சேராதா? சேரும் என்று சொல்ல, சிறியது என்ற குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி வேண்டும். அதை எடுத்துவிட்டால் கெடு ஒரு நாள் முன்பே முடிந்துவிடும். தானியங்கிச் சோதனைகள் கெடுவுக்கு முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் சோதித்தன. கெடு நாளைச் சோதிக்கவில்லை. இரண்டு இருபதுக்கு அவருடைய ஃபோல்டரைத் திறந்து அந்தச் சமக்குறியை எடுத்தேன். நான்கு மணிக்கு அவர் தன் பெயரிலேயே ஏற்றினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து ஒரு நூலகத்திலிருந்து புகார் வந்தது. அண்ணன் பதிவேட்டைத் திறந்து அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். "இதை நானாடா எழுதினேன்?" என்று என்னைக் கேட்டார். "உங்க பேர்தாண்ணே இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. அன்று மாலையே தவறுக் கடிதம் எழுதினார். கீழே நானும் "என் கண்ணுக்கும் தப்பிவிட்டது" என்று ஒரு வரி சேர்த்தேன். பெருந்தன்மை என்று உங்களில் சிலர் பாராட்டினீர்கள்.

இப்படி எட்டு மாதத்தில் ஐந்து செய்தேன். யாருக்கும் தீங்கு வராத இடங்களாகவே தேர்ந்தெடுத்தேன், இதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைகள் பயன்படுத்தும் பகுதியைத் தொடவே இல்லை.

மூன்றாவதுக்குப் பிறகு அவர் எழுதும் வரிகளையெல்லாம் ஒரு நோட்டிலும் எழுத ஆரம்பித்தார். பதிவேட்டோடு ஒப்பிட்டார். நான்காவது தவறின் வரி நோட்டில் சரியாக இருந்தது, பதிவேட்டில் இல்லை. நம்மில் யாராக இருந்தாலும் என்ன முடிவுக்கு வந்திருப்போமோ அதே முடிவுக்குத்தான் வந்தார்: நோட்டில் சரியாக எழுதிவிட்டுத் தட்டச்சு செய்யும்போது தடுமாறுகிறோம். நான்காவதுக்குப் பிறகு மருத்துவரிடம் போனார். பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் தன் தவறுக் கடிதங்களை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தார். நோயாளியே இவ்வளவு ஒழுங்காக ஆதாரம் கொண்டுவந்தால் மருத்துவர் என்ன செய்வார்? மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் கார் ஓட்டுவதை விட்டார். அடுப்பை அணைத்தோமா என்று பயந்து டீ போடுவதை விட்டார். பிறகு தன் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார்.

நான் செய்தவை ஐந்துதான். ஆனால் பதிவேட்டில் அவர் பெயரில் பதினொரு தவறுகள் இருக்கின்றன. மீதி ஆறை நான் தொடவில்லை. அவை வரவர எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்தாயா, உண்மையிலேயே இவருக்கு முடியவில்லை, நாம் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன். பல மாதம் அந்த ஆறின் மேல் தலை வைத்துத்தான் தூங்கினேன்.

பிரிவு விழா உங்களுக்குத் தெரியும். நூலக மாடியில் மடக்கு நாற்காலிகள். வர முடியாதவர்கள் திரையில். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பெயரில் ஏறிய எல்லாப் பதிவுகளையும் அச்சிட்டு, பைண்டு செய்து கொடுத்தோம். யோசனை என்னுடையது. அவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, பதினொரு இடத்திலும் விரலை வைத்து வைத்து எடுத்தார். பிறகு பேசினார். "எனக்கு ஞாபகம் இல்லாததெல்லாம் இதுல இருக்கு. இதுக்கு மேல நான் இருந்தா நிரலுக்கு ஆபத்து. என் தம்பி பாத்துப்பான்." தம்பி என்றது என்னை. எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்க டீச்சர்."

"ரெண்டு மணிக்குப் படுத்தா, வீடே இடிஞ்சு விழுந்தாலும் மூணரை வரைக்கும் அப்பா எழுந்திரிக்க மாட்டாருன்னு அவரு பொண்ணு சொல்லுது."

"அது ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"சர்வர்ல எந்த ஃபைல் எப்ப சேவ் ஆச்சுன்னு ஒரு குறிப்பு இருக்கும்ல, அதைப் பாத்தேன். அஞ்சு தடவை ரெண்டே காலுக்கும் ரெண்டே முக்காலுக்கும் நடுவுல அவரு ஃபைல் சேவ் ஆயிருக்கு. தூக்கத்துல நடக்கறவங்களைப் பாத்திருக்கேன். தூக்கத்துல புரோகிராம் எழுதறவரை இப்பதான் பாக்குறேன்."

அந்தக் குறிப்பை நான் அழித்திருக்கலாம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். கையில் இருந்த இரண்டு நாற்காலிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "நான்தான்" என்றேன்.

டீச்சர் கத்தவில்லை. "முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறம் எல்லாருக்கும் எழுதுங்க. ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

போனேன். மகள் வீட்டில் அவருக்கு ஒரு சிறிய அறை. சுவர் முழுக்கத் துண்டுச் சீட்டுகள்: "கண்ணாடி சட்டைப் பையில்", "மாத்திரை போட்டாயிற்று, காலை", "கதவைத் திறக்கும் முன் யார் என்று கேள்." மடியில் டேப்லெட் இருந்தது. திரையில் பதிவேடு.

"வாடா தம்பி. நேத்தும் வந்தியோ?"

"இல்லண்ணே. விழாவுக்கு அப்புறம் இப்பதான் வர்றேன்."

அவர் முகம் சுருங்கியது. ஒரு சீட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

சொன்னேன். எந்த நாள், எந்த வரி, எத்தனை மணி என்று ஐந்தையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"டேய், போதும்டா. டீச்சர் சொல்லிக் கொடுத்து அனுப்பிச்சாளா?"

"சத்தியமா நான்தாண்ணே."

"தினமும் காலையில இதைத்தான் பாக்குறேன். என் பேர்தான் இருக்கு." டேப்லெட்டைத் தட்டிக் காட்டினார். "என் மண்டையை நம்பறதா, இதை நம்பறதா? இங்க பாரும்மா, எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்க வந்திருக்கான். எவ்வளவு நல்ல பிள்ளை."

வாசலில் நின்ற மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

நான் விடவில்லை. "அப்ப மீதி ஆறு? அதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்காண்ணே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், எனக்கு அந்த ஆறு வேண்டியிருந்தது.

"அது நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "முதல்ல சரியாத்தான் எழுதினேன். பதினாலு தடவை பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. ஆனா போன தடவையும் சரின்னுதானே நினைச்சோம், அது தப்பாப் போச்சேன்னு பயம். பதினஞ்சாவது தடவை மாத்திட்டேன். மாத்தினதுதான் தப்பு. ஆறும் அப்படித்தான்."

வெளியே வரும்போது மகள் வாசல்வரை வந்தார். "அவர் நம்பற மாதிரி ஏதாவது செய்யுங்க. செஞ்சதுக்கப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

இப்போது நான்காவது கேள்வி. எழுதிக்கொண்டு வந்ததில் விடை அகப்பட்டுவிட்டது. வாயால் சொன்னால் அவர் நம்ப மாட்டார். இந்தக் கடிதத்தைக் காட்டினாலும், எல்லோரும் சேர்ந்து தன்மேல் இரக்கப்படுகிறோம் என்றுதான் நினைப்பார். அவர் நம்புவது ஒன்றைத்தான். ஆகவே மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

பதிவேட்டில் பழைய வரி ஒன்றை மாற்றுவது சாதாரண வேலையில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண் அதற்கு முந்தைய பதிவின் எண்ணிலிருந்து பிறக்கிறது. நடுவில் ஒன்றைத் தொட்டால் அதன்பின் வந்த அத்தனை எண்களும் மாறிவிடும். உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருப்பதால் யாருக்கும் தெரியாமல் செய்யவும் முடியாது. செய்வதென்றால் பதினான்கு பேரும் ஒரே நாளில் பழைய பிரதியை விட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் சம்மதம் அதற்குத்தான் தேவை. என்னிடமிருந்த சர்வர் அறைச் சாவியையும் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன், அவர் செய்வார்.

எத்தனை வரிகள் என்பதில்தான் இரண்டு நாளும் போனது. ஐந்து என்று எழுதி எழுதி அடித்தேன். ஒரு தவறைத் தேடும்போது அது வெளியே தெரிந்த வரியில் நாம் நிற்பதில்லை. அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று பின்னால் போய், முதலில் எது கெட்டதோ அங்கேதான் பெயரை எழுதுகிறோம். அந்த ஆறிலிருந்தும் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நான் அவர் ஃபோல்டரைத் திறந்த அந்த இரண்டு இருபதில் போய் நிற்கிறது.

திருத்தம்: பதினொரு வரிகளிலும் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடவும். ஒரு தனிப் பிரதியில் செய்து பார்த்தேன். வேலை செய்கிறது.