வெளிப்பக்கக் கொக்கி

மனைவி: யாருங்க கதவைத் தட்டறது?

கணவன்: ஷ்ஷ்... சத்தம் போடாத. அவர்தான். கதவு இடுக்கு வழியா பாத்துட்டேன். அதே கறுப்புப் பை, அதே இருமல்.

மனைவி: ஆய்வாளரா? அடுத்த வாரம்தானே வரேன்னாரு!

கணவன்: வந்துட்டாரே. வாசல்ல நிக்கறாரு.

மனைவி: ஐயோ... வாலு எங்க? வாலு!

வாலு: இங்கதான் இருக்கேன். மாடிக்கு ஓடட்டுமா?

கணவன்: மாடிப்படி அவர் நிக்கற பக்கம்தான். வா கண்ணு... இன்னிக்கு அலமாரிக்குள்ள. துணிக்குப் பின்னாடி போய் உக்காந்துக்க.

வாலு: எவ்வளவு நேரம்?

கணவன்: கொஞ்ச நேரம்.

வாலு: நீங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவீங்க.

மனைவி: வாயைத் திறக்கக் கூடாது, சரியா? மூக்கால மட்டும் மூச்சு விடணும்... ஏங்க, கொக்கியைப் போடாதீங்க!

கணவன்: போடலேன்னா கதவு தானா திறந்துக்கும். அந்த மனுஷன் பேச்சைக் கேட்டுத்தானே உள்ள இருந்த பிடியையெல்லாம் கழட்டி எறிஞ்சேன்.

மனைவி: பயமா இருக்குங்க.

கணவன்: எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? போ, முகத்தைத் துடைச்சுக்க. நான் திறக்கறேன்... வாங்க சார்! வாங்க, வாங்க!

ஆய்வாளர்: முன்னறிவிப்பின்றி வருவதே முறையான ஆய்வு. சொல்லிவிட்டு வந்தால் அதற்குப் பெயர் விருந்து.

கணவன்: ஆமா சார்.

ஆய்வாளர்: கதவைத் திறக்க இவ்வளவு தாமதம் ஏனோ?

மனைவி: குளிச்சிட்டிருந்தேன் சார்.

ஆய்வாளர்: தலை காய்ந்திருக்கிறதே?

மனைவி: குளிக்கப் போயிட்டிருந்தேன்.

ஆய்வாளர்: நல்லது. தூய்மை அவசியம். தத்தெடுப்பு அனுமதிக்கான இல்லச் சூழல் மதிப்பீடு, ஐந்தாம் சுற்று, இப்போது தொடங்குகிறது.

கணவன்: ஆறாவது சார்.

ஆய்வாளர்: நான்காவதைத் துறை ஏற்கவில்லை. நான் நீல மையில் எழுதிவிட்டேன்.

மனைவி: அதுக்கு நாங்க என்ன சார் பண்ணினோம்?

ஆய்வாளர்: காத்திருந்தீர்கள். அதுவே உங்கள் பொறுமைக்குச் சான்று. பெற்றோருக்குப் பொறுமை வேண்டும் அல்லவா? சரி, சென்ற முறை சொன்ன குறைகள்... ஜன்னல்?

கணவன்: கம்பி போட்டாச்சு சார்.

ஆய்வாளர்: இடையில் குழந்தையின் தலை நுழையுமா?

கணவன்: என் விரலே நுழையாது.

ஆய்வாளர்: வெளிச்சம்?

கணவன்: அதுவும் நுழையாது சார். பகல்லயே லைட்டு போட்டுக்கறோம்.

ஆய்வாளர்: தையல் இயந்திரம்?

மனைவி: ஊசி ஆபத்துன்னு எழுதினீங்களே, பரண்ல ஏத்திட்டோம். நான் தைக்கறதையே விட்டுட்டேன்.

ஆய்வாளர்: அப்படியானால் வருமானம் குறைந்திருக்குமே! அது ஒரு குறை...

மனைவி: அதைப் போன தடவையே எழுதிட்டீங்க சார்.

ஆய்வாளர்: ஓ... ஒரே குறையை இரு முறை எழுத விதியில் இடமில்லை. சரி, அலமாரி?

கணவன்: எந்த அலமாரி சார்?

ஆய்வாளர்: வீட்டில் எத்தனை இருக்கின்றன?

மனைவி: ஒண்ணுதான்...

ஆய்வாளர்: அப்படியானால் அதேதான். குழந்தை திறந்து விளையாடும் அபாயம் இருப்பதாகக் குறித்திருந்தேன்.

கணவன்: அதுக்குத்தான் சார் வெளிப்பக்கமா பித்தளைக் கொக்கி. உசரத்துல வச்சிருக்கேன். தச்சு வேலைதானே நம்ம பொழப்பு, நானே செஞ்சது.

ஆய்வாளர்: குழந்தையால் திறக்கவே முடியாது?

கணவன்: முடியாது... சார்.

ஆய்வாளர்: எந்தப் பக்கத்திலிருந்தும்?

மனைவி: தண்ணி குடிக்கிறீங்களா சார்? முன்னறைக்கு வாங்க, அங்க காத்து நல்லா வரும்...

ஆய்வாளர்: இங்கேயே இருக்கட்டும். இந்த நாற்காலியை அலமாரியோடு ஒட்டிப் போட்டால் முதுகுக்கு வசதி. ஆ... உறுதியான மரம்.

அலமாரி: ச்சு!

கணவன்: அச்ச்சூ!

ஆய்வாளர்: உங்களுக்கு இரண்டு குரலில் தும்மல் வருமோ?

கணவன்: சின்னது முன்னாடி வரும் சார். பெருசு பின்னாடி.

ஆய்வாளர்: மருத்துவச் சான்றிதழில் அப்படி ஒன்றும் இல்லையே?

மனைவி: தும்மலுக்கெல்லாம் சான்றிதழா சார்!

ஆய்வாளர்: கேட்கலாம். யோசிக்கிறேன்... முதலில் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்க்க வேண்டும். நீங்கள் வர வேண்டாம். ஆய்வாளர் தனியாகவே ஏற வேண்டும்.

கணவன்: பாத்துப் போங்க சார், படி செங்குத்து... போயிட்டாரு.

மனைவி: கொக்கியை எடுங்க, சீக்கிரம்!

கணவன்: படி திரும்பற இடத்துல நின்னு இங்கதான் பாக்கறாரு. அசையாத.

மனைவி: வாலு... இருக்கியா?

அலமாரி: வேற எங்க போவேன்?

மனைவி: மூச்சு விட முடியுதாடா?

அலமாரி: விடறேன். சூடா திரும்பி வருது.

மனைவி: சொல்லிடலாங்க. எல்லாத்தையும் சொல்லிடலாம்.

கணவன்: இரு, இப்பத்தான் மேல ஏறினாரு... எந்த நிமிஷமும் இறங்கிடுவாரு, திறக்க வேணாம். என்னன்னு சொல்லுவ? குழந்தைங்க ஹோம்ல கூரை ஒழுகுது, நீங்கதானே இந்தப் பொண்ணைத் தத்துக் கேட்டு எழுதிப் போட்டிருக்கீங்க, ரெண்டு ராத்திரி வச்சுக்கங்கன்னு விட்டுட்டுப் போனாங்க. திரும்பக் கூட்டிட்டுப் போக ஒருத்தரும் வரல. நாங்களும் வாயே திறக்கலன்னா?

மனைவி: மறந்தது அவங்க!

கணவன்: மறைச்சது நாம. குழந்தையைப் பதுக்கினவங்கன்னு ஒரு வரி எழுதினா போதும்... அனுமதியும் போச்சு, அவளும் போயிடுவா.

மனைவி: அனுமதி வந்தா மட்டும் என்ன? ஹோமுக்கு வந்து உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கம்பாங்க. அங்க யாரைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க?

கணவன்: அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். அன்னிக்குக் காலையில பின் கேட் வழியா நாமளே உள்ள விட்டுட்டு, முன் கேட்ல போய் நின்னு வாங்கிட்டு வந்துடலாம்.

மனைவி: தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு யோசிச்சது இதுதானா?

கணவன்: உங்கிட்ட வேற இருந்தா சொல்லு.

அலமாரி: அப்பா... படியில செருப்புச் சத்தம்.

கணவன்: ஷ்ஷ்... மூடி எப்படி சார் இருக்கு?

ஆய்வாளர்: சரியாக இருக்கிறது.

கணவன்: அப்பாடா...

ஆய்வாளர்: மிகவும் சரியாக இருக்கிறது. இழுத்தும் பார்த்தேன், ஏறி நின்றும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மனைவி: அதுக்கு ஏன் சார் முகம் இப்படி வாடிப்போச்சு?

ஆய்வாளர்: வெயில். சுவர்... இந்தச் சுவர் பச்சையாக இருக்க வேண்டும் என்று சொன்னேனே! மஞ்சளாக இருக்கிறதே!

கணவன்: பச்சைக்கு அப்புறம் மஞ்சள் சொன்னீங்க. சுரண்டிப் பாருங்க சார், அடியில பச்சை இருக்கும்.

ஆய்வாளர்: பல்லி?

கணவன்: விரட்டியாச்சு.

ஆய்வாளர்: கரப்பான்?

மனைவி: ஒண்ணுகூட இல்ல.

ஆய்வாளர்: உங்களுக்குள் சண்டை சச்சரவு?

கணவன்: எல்லா வீட்டையும் போலத்தான்... எப்பவாவது.

ஆய்வாளர்: இப்போது ஒன்று போட முடியுமா? சிறியதாக இருந்தாலும் போதும்.

மனைவி: என்ன சார் பேசறீங்க? எல்லாம் சரியா இருக்குல்ல? கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க சார்... உங்க கால்ல வேணா விழறேன்.

ஆய்வாளர்: துரத்துகிறீர்களா?

மனைவி: இல்ல சார்... நாற்காலியையாவது கொஞ்சம் நகத்திப் போட்டுக்கங்க. அந்த இடுக்கு வழியாத்தான்...

ஆய்வாளர்: இடுக்கு வழியாக?

கணவன்: துணிக்குக் காத்து போகும் சார். இல்லன்னா பூஞ்சை பிடிச்சுடும்.

ஆய்வாளர்: பூஞ்சையா! பூஞ்சை இருக்கிறதா?

கணவன்: இல்ல சார்.

ஆய்வாளர்: ச்சே.

மனைவி: சார், உங்க பேனா கீழ விழுந்துடுச்சு.

ஆய்வாளர்: பேனா கனம்.

அலமாரி: டொக்... டொக்.

கணவன்: எலி சார்!

ஆய்வாளர்: எலியா? எழுதிக்கொள்ளலாமா?

கணவன்: எழுது... இல்ல, இல்ல. எலி இல்ல சார். மரம். புது மரம் காயறப்ப இப்படித்தான் சத்தம் போடும்.

அலமாரி: அம்மா...

ஆய்வாளர்: காய்கிற மரம் அம்மா என்றும் கூப்பிடுமோ?

அலமாரி: அம்மா... முடியலம்மா...

மனைவி: கொக்கியை எடுங்க.

கணவன்: ஏய், கொஞ்சம் பொறு...

மனைவி: எடுங்கன்னா! அனுமதியாவது மண்ணாங்கட்டியாவது! எம்பொண்ணுக்கு மூச்சு முட்டுது. எழுந்திருங்க சார், நகருங்க!

கணவன்: சிக்கிக்கிச்சு... கை வேர்த்து வழுக்குது... வாலு, கதவை உள்ள இருந்து தள்ளாதடா... வாலு? வாலு!

மனைவி: சத்தமே காணோங்க!

ஆய்வாளர்: தள்ளுங்க, நான் பாக்கறேன். கதவை உள்ள அழுத்திப் பிடிங்க... இன்னும்... இன்னும் அழுத்துங்கய்யா! என்ன கொக்கி செஞ்சு வச்சிருக்கீங்க...

கணவன்: நீங்க சொன்ன அளவுலதான் சார்!

ஆய்வாளர்: தெரியும், தெரியும்... ம்... வந்துருச்சு. தூக்குங்க அவள.

மனைவி: கண்ணு... இங்க பாரு. நல்லா இழுத்து மூச்சு விடு. இன்னொரு தடவை... அம்மாவைப் பாரு.

வாலு: தும்மினதுக்குத் திட்டாதீங்க.

மனைவி: இல்லடா... யாரும் திட்டல.

கணவன்: சார்... நாங்களே சொல்லிடறோம். தப்புதான்...

ஆய்வாளர்: என்னத்தைச் சொல்லப் போறீங்க? முதல் தடவை வந்தப்பவே எனக்குத் தெரியும். மாடிக் கொடியில ஹோம் சட்டை காஞ்சுகிட்டிருந்துது. பாக்கெட்டுல நம்பரோட.

மனைவி: தெரிஞ்சேவா சார் இத்தனை நாளா...

கணவன்: தெரிஞ்சும் ஏன் பிடிக்கல?

ஆய்வாளர்: எப்படிப் பிடிக்கறது? கூரை சரியானதும் 'எல்லாக் குழந்தைகளும் நலமே திரும்பினர்'னு கையெழுத்துப் போட்டவனே நான்தான். தலையை எண்ணல. நல்ல மழை... வேன் டிரைவர் ஏதோ சொல்ல வந்தான், காதுல வாங்காம போட்டுட்டேன்.

மனைவி: அப்ப இந்தக் கம்பி, மூடி, பச்சை, மஞ்சள்... எல்லாம்?

ஆய்வாளர்: அனுமதி கொடுத்தா ஹோம்ல இவளைத் தேடுவாங்க. இல்லன்னதும் யாரு எண்ணினதுன்னு கேப்பாங்க. என் வேலை போயிடும்மா... வீட்டுல நோயாளி இருக்கா. பைல் நகராத வரைக்கும் யாரும் எண்ண மாட்டாங்க. அதனால எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு குறை வேணும். நீங்க என்னடான்னா சொன்னதையெல்லாம் செஞ்சு தொலைக்கறீங்க!

கணவன்: சார், எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு. ஹோம்ல பின் கேட்...

ஆய்வாளர்: அங்க இப்ப காவல் போட்டிருக்கு.

கணவன்: யாரு போட்டது?

ஆய்வாளர்: நான்தான். குழந்தைங்க காணாம போயிடக் கூடாதே.

மனைவி: நல்லா இருக்கு சார் உங்க காவல்.

ஆய்வாளர்: இன்னிக்கு ஒரு குறையும் இல்லாம போனேன்னா, மேலதிகாரி நேரா வந்து நிப்பாரு. அவர் எண்ணத் தெரிஞ்சவரு. யோசிங்க... ஒரே ஒரு குறை. நிஜமானதா இருக்கணும்.

கணவன்: என் கைப்பட்ட வீட்டுல குறை எங்க சார் இருக்கும்?

மனைவி: பெருமை பேசற நேரமா இது?

வாலு: ஒண்ணு இருக்கு சார்.

ஆய்வாளர்: சொல்லும்மா.

வாலு: அலமாரிக்கு உள்பக்கம் பிடி இல்ல. அதை எழுதிக்கங்க. அப்பா போட்டு வச்சுட்டா, அடுத்த தடவை நீங்க வரப்ப நானே திறந்துப்பேன்.

மனைவி: அடுத்த தடவையா... ஐயோ, இந்தப் புள்ள பேசறதைப் பாருங்களேன்.

ஆய்வாளர்: 'உட்புறக் கைப்பிடி... இல்லை.' எழுதிட்டேன். இந்தக் குறை போதும், மழைக்காலம் வரைக்கும் தாங்கும். எல்லாம் அந்த டிரைவரால வந்த வினை. அன்னிக்கு இந்தத் தெருவுக்கு ஒரு நடை வந்திருந்தான்னா, யாருக்கும் இந்தப் பாடு இல்ல.

வாலு: வந்தாரே சார்.

கணவன்: யாரு வந்தது?

வாலு: வேன் மாமா. தெருவுல நின்னு ஹாரன் அடிச்சாரு. அம்மாவுக்கு மெஷின் சத்தத்துல கேக்கல. அப்ப ஜன்னல்ல கம்பி கிடையாதே, நான்தான் எட்டிப் பாத்து, அந்தப் பொண்ணு அப்பவே போயிட்டாளேன்னு சொன்னேன். மழையில அவருக்கு என் முகம் தெரியல. நீ யாரும்மான்னு கேட்டாரு... நான் இந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிட்டேன்.