கதவு எண் இல்லாத தவமணி

முடிக்கச் சொல்லி மேடைக்குத் துண்டுச்சீட்டு வந்துடுச்சு... முடிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை கேளுங்க. கேட்டுட்டுச் சும்மா எழுந்து போக முடியுதான்னு பாருங்க.

நம்ம கால்வாய்க் கரை தவமணி. அப்போ ஏழு மாசம். காலெல்லாம் வீக்கம், ரத்தக் கொதிப்பு. சுகாதார நிலையத்துக்குப் புதுசா வந்த ஜெயசீலி சிஸ்டர், குடிசைக்கே வந்து பிரஷர் பார்த்தாங்க. கையில இருந்த டேப்லெட் கம்ப்யூட்டர்ல 'ஆபத்தான கர்ப்பம்'னு பதிஞ்சாங்க. அதைக் கொண்டுபோய் ஆபீஸ் கம்ப்யூட்டரோட இணைச்சு, பதிவு அதுல ஏறினாத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி. ஏறலேன்னா? வண்டி கிடையாது.

இணைச்சாங்க. பாதி ஏறுது... பொட்டுன்னு ப்ரோகிராம் மூடிக்கிச்சு.

ஆபரேட்டர் கோபிநாத் வயரை மாத்தினான். மூடிக்கிச்சு. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டான். மூடிக்கிச்சு. ப்ரோகிராமையே அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினான். ஏறுது, ஏறுது... மறுபடியும் மூடிக்கிச்சு!

"என்ன சிஸ்டர், டேப்லெட்டைத் தண்ணியில போட்டீங்களா?"

"உன் மெஷினுக்கு வலிப்பு வந்தா என்னை ஏம்ப்பா கேக்குற?"

கடைசியில ஒவ்வொரு தெருவா அனுப்பிப் பார்த்தான். கோயில் தெரு... ஏறிடுச்சு. பஜார் தெரு... ஏறிடுச்சு. கால்வாய்க் கரை... மூடிக்கிச்சு!

ஏன்? கரையிலேர்ந்து பதிஞ்ச முதல் பேரே தவமணிதான். அதுவரைக்கும் இங்க இறங்கிப் பதிவெடுக்க எவனும் வந்ததில்ல. அவ பதிவுல கதவு எண் கட்டம் காலி. கதவு எண் இல்லாத வீட்டுலயும் ஒரு மனுஷி இருப்பான்னு அந்த ப்ரோகிராம் எழுதினவனுக்குத் தோணவே இல்ல!

"ஏதாவது ஒரு நம்பரைப் போடுங்க சிஸ்டர்."

"போட்டா வண்டி அந்த நம்பர் வாசல்ல போய் நிக்கும். இவ கரையில கிடந்து துடிப்பா."

"அப்ப அந்த ஒரு பேரை எடுத்துடுங்க. எல்லாம் சரியாயிடும்."

கேட்டீங்களா? எல்லாம் சரியாயிடுமாம்! கோபிநாத் கெட்டவன் இல்லீங்க. மெஷினைச் சரி பண்ணத்தான் அவனுக்குச் சம்பளம்.

உள்ளேயிருந்து டாக்டர் கத்துறார்: "எல்லாத் தெருவும் சேர்ந்து மாவட்டத்துக்கு இன்னைக்கு ரிப்போர்ட் போகணும்! எடுத்துத் தொலைங்க!"

சிஸ்டர் விரல் அந்தப் பேர் மேல போச்சு... நின்னுச்சு. டேப்லெட்டைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

"எடுக்க மாட்டேன் சார். இவ ஏறாம ரிப்போர்ட் ஏறாது."

நின்னுச்சுங்க. மெஷின் நின்னுச்சு, மாவட்டத்து ரிப்போர்ட் நின்னுச்சு. மறுநாள் மாவட்டத்து ஜீப் எங்க வந்துச்சு தெரியுமா? நம்ம கரைக்கு! செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அதிகாரி சேத்துல இறங்குறார். "யாரும்மா அந்தத் தவமணி?"

அந்த ஜீப்புலதான் அவ ஆஸ்பத்திரிக்குப் போனா.

இதை ஏன் சொல்றேன்? நாளைக்கு வீட்டுக் கணக்கெடுக்க வர்றாங்க. அவங்க கையிலயும் டேப்லெட்தான். "பக்கத்துத் தெரு நம்பர் ஒண்ணு போட்டுக்கவா?"ன்னு நைசா கேப்பாங்க. ஒத்துக்காதீங்க! கட்டம் காலியாவே கிடக்கட்டும். நாம இருக்கிறதால மெஷின் நிக்குதுன்னா, பழுது நாம இல்ல. நிக்கட்டும்! நின்னாத்தான் இறங்கி வருவான்.

முன்னாடி அழுவுதே, அது தவமணி பொண்ணுதான். அமத்தாதம்மா... அழட்டும். அதுக்குப் பேரு வச்சாச்சு. அது இருக்கிற வீட்டுக்கு இன்னும் நம்பர் வரல.